தக்காளி விதை எத்தனை ஆண்டு தாங்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலுமாரியில் 3 ஆண்டுகளாக இருக்கும் தக்காளி விதை முளைக்குமா? (வெள்ளவத்தை)

எப்படி வைத்திருந்தீர்கள் என்பதை எழுதாமல் வயதை மட்டும் எழுதினால் எவராலும் பதில் சொல்ல இயலாது. நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்த விதை 4, 5 ஆண்டுகள் தாங்கும். பாரன்ஹைட் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத வீதத்தையும் கூட்டினால் 100ஐத் தாண்டக்கூடாது என்பது விதைச் சேமிப்பின் பழைய விதி. கொழும்பு வீடொன்றில் அந்தக் கூட்டுத்தொகை சாதாரணமாகவே 160ஐ எட்டும் என்பதால், கடதாசி உறையில் கிடந்த விதையை நம்பிப் பாத்தி கட்டாதீர்கள்; முதலில் சோதியுங்கள்.

எப்படிச் சோதிப்பது? (தெஹிவளை)

20 விதைகளை ஈரமான கடதாசியில் பரப்பிச் சுருட்டி, பொலித்தீன் பையிலிட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். 5ஆம் நாளிலிருந்து பார்க்கலாம். 14ஆம் நாளுக்குப் பின் காத்திருப்பதில் பயனில்லை. 15க்கு மேல் முளைத்தால் நல்லது. பாதிதான் முளைத்ததென்றால் இரு மடங்கு விதையுங்கள். ஆயினும் முதிர்ந்த விதையின் நாற்று பெரும்பாலும் தாமதித்து, மெலிந்தே எழும்.

புறக்கோட்டையில் சிறு பையில் வாங்கிய விதையில் பத்தில் ஒன்றுதான் முளைத்தது. எங்கள் மண்ணில் குறையா? (கொட்டாஞ்சேனை)

மண்ணைக் குறை சொல்லுமுன் அந்தப் பையைப் பாருங்கள். அதில் இனத்தின் பெயரோ, பொதியிட்ட திகதியோ, முளைதிறன் வீதமோ அச்சிடப்பட்டுள்ளதா? பெரும்பாலான கடிதங்களில் வரும் பையில் இவற்றுள் ஒன்றும் இருப்பதில்லை. பெரிய தகரத்திலிருந்து அள்ளிக் கட்டும்போது சென்ற ஆண்டு விதையும் இவ்வாண்டு விதையும் கலந்துவிடுகின்றன. பிறகு அந்தப் பைகள் கடை வாசலில் கயிற்றில் தொங்கி, பகல் முழுவதும் வெயிலில் காய்ந்து, மாலை மழையின் சாரலை வாங்குகின்றன. அரைகுறையாக உலர்ந்த விதையைப் பொலித்தீனில் இறுகக் கட்டி வெப்பத்தில் வைப்பது, திறந்து வைப்பதைவிடக் கேடானது. உள்ளே சிக்கிய ஈரத்திலேயே விதை மூச்சுவிட்டு, தன் உணவைத் தானே தீர்த்து மடிகிறது. விவசாயியின் ஒரு போகத்தையே பறிக்கும் இந்த வியாபாரத்தை வாங்குபவர்கள்தான் நிறுத்த வேண்டும். திகதி இல்லாத பையைக் கையாலும் தொடாதீர்கள். விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்திலோ, ஈயத்தாள் உறையில் திகதியுடன் விற்குமிடத்திலோ வாங்குங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? (மட்டக்குளி)

வைக்கலாம், உலர்த்திய பின். புளிக்கவைத்துக் கழுவிய விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இடுங்கள். அது கிடைக்காவிட்டால் வறுத்து ஆறவைத்த அரிசி போதும். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். போத்தல் அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் விதையின் மேல் நீர் படியும். ஈர விதையை உறைபெட்டியில் வைத்தால் முளை செத்துவிடும். போத்தலின் மேல் இனமும் திகதியும் எழுதுங்கள்.

சந்தையில் வாங்கிய பழத்தின் விதையைச் சேமிக்கலாமா? (பம்பலப்பிட்டி)

அது கலப்பினப் பழமாக இருந்தால், அடுத்த தலைமுறைச் செடிகள் தாயைப் போல இருக்காமல் பலவிதமாகப் பிரியும். திலின போன்ற, தாயைப் போலவே செடி தரும் திறந்த மகரந்தச் சேர்க்கை இனமென்றால் தாராளமாகச் சேமிக்கலாம்.

10 ஆண்டுப் பழைய விதையை இளநீரில் ஊறவைத்தால் உயிர் வருமா?

வராது. செத்த விதையை எதுவும் எழுப்பாது.