எதிரே ஆள் வந்தால் ஏன் வேகம் கூடுகிறது?

(உடற்பயிற்சி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பதில் அளிக்கிறார்)

கேள்வி: டீச்சர், எனக்கு வயது 41, எடை 84 கிலோ. ஓட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சில தடவை போயும் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லாதவரை சமாளிக்கிறேன். எதிரே ஆள் வந்தால் கால் தானாக வேகம் பிடிக்கிறது. அடுத்த நிமிடமே மூச்சு முட்டி நின்றுவிடுகிறேன். நின்றது தெரியக் கூடாதே என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். கடைசியாகப் போன அன்று ஒரு பையன் "நிலநடுக்கம் வருதுடா" என்று கத்தினான். அன்றைக்கே ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். கூச்சம் போன பிறகு ஓடலாமா, ஓடினால் கூச்சம் போகுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: முதலில் ஷூவை இறக்குங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிற ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிரே ஆள் வந்தால் கால் தானாக வேகம் பிடிக்கிறது என்கிறீர்களே, அந்த வரி.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1983இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. வொரிங்ஹாம், மெசிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆட்கள் ஓடுகிற பாதையோரம் ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். சில சமயம் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், சில சமயம் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். முகம் தங்கள் பக்கம் இருந்தபோது ஓடுகிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். தங்களை யாரோ அளக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஓடிப் பழகியவருக்கு அந்தக் கூடுதல் வேகம் ஒரு பொருட்டில்லை. உங்களுக்கு அதுதான் ஆளை அடித்துவிடுகிறது. எடைதான் நிறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேகம்தான் நிறுத்தியது என்று எனக்குப் படுகிறது, அதை ஏற்றிவிட்டது கூச்சம். மூச்சு முட்டி நின்றதும் கூச்சம் இரட்டிப்பாகிறது, மறுநாள் இன்னும் வேகமாக ஓடத் தோன்றுகிறது. ஆகவே வைத்தியத்தை வேகத்திலிருந்து தொடங்குவோம், மனசு பின்னால் வரட்டும்.

எவ்வளவு மெதுவாக? ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிகிற அளவுக்கு. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். விறுவிறுவென்று நடக்கிற ஒருவர் உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும். மெதுவாக ஓடு என்று சொன்னால் என் மாணவர்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், என்னவோ திட்டிவிட்டது மாதிரி!

தொடர்ந்து ஓடவும் வேண்டாம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் ஓட்டமே அறியாதவர்களுக்காக 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்வரை) என்றொரு திட்டம் வகுத்தார். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம் மாறி மாறிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதில் நடை என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. காதில் போனை வைக்க வேண்டிய அவசியமே இல்லை, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். பார்க்கிறவருக்கு இவர் ஏதோ கணக்கோடு செய்கிறார் என்றுதான் தோன்றும். எதிரே ஆள் வருகிற நேரத்தில் வேண்டுமென்றே ஒரு படி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் இந்த ஒன்றைச் சாதித்தாலே போதும். ஒன்பது வாரம் என்பதும் சட்டம் இல்லை. ஒரு வாரத்தையே மூன்று வாரம் செய்கிறவர்களும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. சில வாரங்களில் மூச்சு சுலபமாகிவிடும், உற்சாகம் வந்துவிடும். ஆனால் எலும்பும் தசைநாரும் கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. மூச்சு அனுமதிக்கிறதே என்று தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள்.

இனி அந்தப் பார்வைகள். கிலோவிச் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், போட்டுக்கொள்ளவே வெட்கப்படக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்களே இந்த லட்சணம் என்றால், தன் கவலையைச் சுமந்துகொண்டு கடந்துபோகிற மனிதர் உங்கள் இடுப்பை எங்கே பார்க்கப்போகிறார்?

அந்தப் பையன் பார்த்தான், கத்தினான். அதை ஆய்வைக் காட்டி மழுப்ப மாட்டேன். அவனுக்கு வேண்டியது உங்கள் முகத்தில் ஒரு மாற்றம். திரும்பிப் பார்க்காதீர்கள், வேகத்தை மாற்றாதீர்கள். பின்தொடர்ந்தாலோ, பயமாக இருந்தாலோ அது வேறு விஷயம். உடனே ஆட்கள் இருக்கிற பக்கம் போய்விடுங்கள், அந்த இடத்தை விட்டுவிடுங்கள், துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வீரம் காட்டத் தேவையில்லை.

ஒளிந்து ஓடத் தோன்றுவதும் எனக்குப் புரிகிறது. 1966இல் பாஸ்டன் மராத்தானில் பெண்களுக்கு இடமில்லை. பாபி கிப் என்ற பெண், தலையை மூடும் சட்டை போட்டுக்கொண்டு, தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்துவிட்டார். கொஞ்ச தூரத்திலேயே பின்னால் ஓடிவந்த ஆண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிடித்துக் கொடுக்கவில்லை, உற்சாகப்படுத்தினார்கள். அவர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். ஓடுகிறவர்கள் புதியவரைப் பார்த்துச் சிரிப்பது ரொம்ப அபூர்வம். நானும் எத்தனையோ மைதானங்களில் நின்றிருக்கிறேன்.

நீங்கள் இருட்டில் ஒளியாதீர்கள். பள்ளம் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வண்டிக்காரருக்குத் தெரிய மாட்டீர்கள். தினம் ஒரு புதுப் பாதையும் தேடாதீர்கள். புதுப் பாதையில் நீங்கள் எப்போதும் புது ஆள். பாதுகாப்பான ஒரே பாதையில், வெளிச்சம் இருக்கும்போது, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் வாரம் பார்ப்பார்கள், அப்புறம் நீங்களும் அந்தப் பாதையில் ஒரு மரம். அதனால், கூச்சம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது ஓடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நாள் கூடவேதான் வரும்.

கேள்வி: வயது 27. ஓடினால் முகம் தக்காளிச் சிவப்பாகிறது, மூச்சுச் சத்தம் பக்கத்தில் வருகிறவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்கிறது. மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டும் என்கிறான் நண்பன்.

பதில்: தம்பி, உடம்புச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் பாய்கிறது, அதனால்தான் சிவப்பு. வெளிர்நிறத் தோலில் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். தலைசுற்றலோ குமட்டலோ சேர்ந்து வந்தால் மட்டும் நின்று நிழலுக்குப் போ, தண்ணீர் குடி. வாயைத் திறந்து மூச்சு விடு, தப்பே இல்லை. வேகம் ஏற ஏற, உடம்பு கேட்கிற காற்றை மூக்கு மட்டும் கொடுத்து முடியாது. சத்தம் அதிகமாகக் கேட்டால் மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதைப் படி.

கேள்வி: 63 வயதில் ஓடக் கிளம்பினால் என் பேரனே சிரிப்பான். தேவையா?

பதில்: கேள்வியிலேயே பதிலையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள் ஐயா, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபௌஜா சிங் தன் முதல் மராத்தானை லண்டனில் ஓடியது 2000இல். கடவுச்சீட்டுப்படி அப்போது அவருக்கு 89 வயது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் மிக வயதான மராத்தான் ஓட்டக்காரர் என்ற அவருடைய சாதனையைக் கின்னஸ் பதிவு செய்யவில்லை. அவரை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்கவும் முடியாது. உங்களுக்கு நான் சொல்வது: முதலில் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, படி ஏறினால் மயக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் ஓடத் தொடங்கவே கூடாது. பிறகு அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கிற நிலைக்கு வாருங்கள். அதற்குப் பின் 20 விநாடி ஓட்டம், ஒரு நிமிட நடை. பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள், சிறுவர்கள் முதல் நிமிடத்தில் பாய்ந்து ஓடி இரண்டாம் நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கேள்வி: ஆரம்பிக்க விலை உயர்ந்த ஷூ, உடை அவசியமா?

பதில்: விலை அவசியமில்லை, அளவு அவசியம். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். பெண்கள் காசு செலவழிப்பதென்றால் முதலில் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவழியுங்கள். பருத்தி உடை வியர்வையைப் பிடித்துவைத்து உராயும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டு போங்கள்.