பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்பு புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது, தமிழ் அழிந்துவிட்டதா?

அழியவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை என்பதால், 'அம்மா' என்று நீங்கள் அடித்தது கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினி அதை அப்படியே காட்டுகிறது. படித்தால் மட்டும் போதும் என்றால், பாமினியை நிறுவி உரைக்கு அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் தேடவும் மின்னஞ்சலில் அனுப்பவும் வேண்டுமெனில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவதே சரி. இதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் என்னும் இலவச மென்பொருளை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். 'கொ' என்பதைப் பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம்; ஒருங்குறியிலோ ககரம் முதலில் நிற்க, உயிர்க்குறி அதன் பின்னே வரும். எனவே மாற்றும் மென்பொருள் எழுத்துக்கு எழுத்து பதிலீடு செய்வதோடு நில்லாமல், வரிசையையும் திருத்தியாக வேண்டும்.

ஒன்றில் கவனம் தேவை: கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலம் இருந்தால் அதுவும் தமிழாக மாறிவிடும். என் தந்தையாரின் கடிதங்களை மாற்றியபோது ஒரு மின்னஞ்சல் முகவரி பொருளற்ற தமிழாகிவிட, மூலக் கோப்பைப் பார்த்தே அதை மீட்டேன். ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் நீக்காதீர்கள்.