அப்பாவுக்குப் போட்ட இரண்டாவது ஊசி பற்றி

வணக்கம். மண்வெட்டி பட்டு அப்பாவின் பாதம் கிழிந்தது, ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமலிருக்க டி.டி. தடுப்பூசி போட்டு ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள், அப்புறம் இம்யூனோகுளோபுலின் என்று விலை கூடிய இன்னொரு ஊசி எதற்கு, காசு பிடுங்கவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அப்பா இதுவரை தடுப்பூசியே போட்டதில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஊசி அவசியம்.

ரண ஜன்னியில் ஆளை முறுக்குவது கிருமி அல்ல, அது கக்கும் நஞ்சு. கிருமி காயத்திலேயே கிடக்கும். நஞ்சுதான் நரம்பு வழியே முதுகுத்தண்டுக்கு ஏறி, தசையைத் தளரச் சொல்லும் சமிக்ஞையை அடைத்துவிடும். ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், வெளியே வந்துவிட்ட நஞ்சைத் தொடாது. டி.டி. ஊசி, நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருளைச் செய்ய உடம்பைப் பழக்கும், ஆனால் முதல்முறை போடுபவருக்கு அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், வழக்கமாக 250 யூனிட். ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருள் அது. நஞ்சு நரம்பில் ஒட்டுவதற்குள் பிடித்துக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. அதனால்தான் அவசரப்பட்டார்கள்.

தயாரான எதிர்ப்பொருளையே ஏற்றுவது, 1890-இல் பெர்லினில் பேரிங், கிடசாடோ என்ற இரு விஞ்ஞானிகள் காட்டிய வழி. பல காலம் குதிரை ரத்தத்திலிருந்து பிரித்த சீரம்தான் போட்டார்கள், ஒவ்வாமை தொல்லை அதிகம். இப்போது மனித ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள்.

சரி, இந்த இம்யூனோகுளோபுலின் ஊசியின் பலம் சில வாரம்தான். நான்கு வாரம் கழித்து அடுத்த டி.டி., பிறகு 6 முதல் 12 மாதத்துக்குள் மூன்றாவது, இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இடையில் தாடை இறுகினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ, ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.