ரிவி நிகழ்ச்சி மாதிரியான யூரியூப் சனல்களை எப்படித் தேடுவது?

கேள்வி: டிஷ்ஷுக்கு மாதாமாதம் காசு கட்டி மாளவில்லை என்று நிறுத்திவிட்டோம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் ஸ்மார்ட் ரிவி வாங்கி, வைஃபையும் போட்டாயிற்று. ஆனால் அப்பா ஐந்து நிமிடத்தில் றிமோட்டை வைத்துவிட்டு எழும்பிப் போகிறார். "எல்லாரும் கத்துறாங்கள், ஒண்டும் ஒழுங்காத் தொடங்கி முடியுதில்லை" என்கிறார். அம்மாவுக்குப் பழைய தொடர் நாடகம், சமையல். அப்பாவுக்குச் செய்தியும் வயல் விசயமும். பழைய ரிவி நிகழ்ச்சி போல நிதானமாகப் போகும் சனல்கள் யூரியூப்பில் உண்டா? - வாசகி, விசுவமடு

பதில்: உண்டு. தேடும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

அப்பா சொன்ன குறையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ரிவி நிகழ்ச்சி என்றால் அதற்கு ஒரு நாள், ஒரு நேரம், பழகிய ஒரு முகம், தெரிந்த ஒரு வரிசை இருக்கும். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் என்றால் என்ன வரும், எப்போது முடியும் என்று பார்க்கிறவருக்கு முன்கூட்டியே தெரியும். வன்னியில் இது இன்னும் கூட. கரண்ட் இல்லாத அந்த நீண்ட காலத்தில் ரிவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, அயல் முழுக்கக் கூடியிருந்து பார்த்த ஆட்கள் நாங்கள். உட்கார்ந்தால் முடியும்வரை பார்ப்பது அந்தத் தலைமுறையின் பழக்கம். யூரியூப்பின் முகப்போ அடுத்ததைத் தட்ட வைப்பதற்காகவே அடுக்கப்பட்டது. ஆகவே முகப்பில் தெரிவதை வைத்து யூரியூப்பையே எடை போட வேண்டாம்.

பெரும்பாலானோர் முதலில் ரிவி நிலையங்களின் சொந்த சனல்களுக்குத்தான் போவார்கள். சக்தி, வசந்தம், நேத்ரா, டான் தமிழ் ஒளி, ஐபிசி தமிழ், இந்தியப் பக்கம் டிடி தமிழ் (முந்திய பொதிகை, 2024-இல் பெயர் மாறியது) என்று எல்லாம் யூரியூப்பில் உண்டு. ஆனால் என் அனுபவத்தில், ரிவி மாதிரி இல்லாதவை பல நேரம் இந்த ரிவி நிலையங்களின் சனல்கள்தான்! ஒரு மணித்தியால நிகழ்ச்சியை ஆறு ஏழு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அலறும் தலைப்பு வைத்துப் போடுவார்கள். முழு நிகழ்ச்சியும் இருக்கும், ஆனால் அந்தத் துண்டுகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும். சனலின் முகப்பை விட்டுவிட்டு 'பிளேலிஸ்ட்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே நிகழ்ச்சியின் பெயரில் தனி வரிசை இருந்தால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

தேடும் வேலையை ரிவியில் செய்ய வேண்டாம். றிமோட்டால் தமிழ் எழுத்து எழுத்தாக அடிப்பது பெரிய கொடுமை. போனில் தேடுங்கள். தேடிய பிறகு மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் ஃபில்டர் வரும். அதில் நீளம் 20 நிமிடத்துக்கு மேல் என்று தெரிவு செய்தாலே கத்தல் வீடியோக்களில் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். அல்லது வகை என்ற இடத்தில் பிளேலிஸ்ட்டைத் தெரிவு செய்யுங்கள். தேடும் சொல்லோடு 'முழு நிகழ்ச்சி', 'பகுதி 1' என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒரு சனல் கிடைத்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். அது எதையும் சொல்லாது. வீடியோக்களின் நீளத்தையும் திகதியையும் பாருங்கள். எல்லாம் 25, 28, 24 நிமிடம் என்று கிட்டத்தட்ட ஒரே அளவா? கிழமைக்கு ஒன்று என்று ஒழுங்காக வந்திருக்கிறதா? அப்படியென்றால் பின்னால் ஒருவர் திட்டம் போட்டு வேலை செய்கிறார். ஒன்று 3 நிமிடம், அடுத்தது 50 நிமிடம், பிறகு இரண்டு மாதம் சத்தமில்லை என்றால் ஆளுக்கு நேரம் கிடைத்தபோது போடுகிறார் என்று அர்த்தம். அதில் குற்றமில்லை, ஆனால் உங்கள் அப்பாவுக்கு அது சரிவராது. அப்புறம், புதிய வீடியோவை மட்டும் பார்க்காமல் பழையதும் ஒன்று பாருங்கள். இரண்டிலும் தொடக்கமும் நடுவும் முடிவும் ஒரே ஒழுங்கில் இருந்தால் அதை நிகழ்ச்சி என்று சொல்லலாம்.

அம்மாவுக்கு வில்லேஜ் குக்கிங் சனலில் தொடங்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்து ஒரு தாத்தாவும் பேரன்மாரும் 2018-இல் தொடங்கியது. 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் சனல். ஒவ்வொரு முறையும் அதே வயல்வெளி, பொருளின் பெயரைக் கூவிச் சொல்லிப் போடும் அதே முறை, கடைசியில் எல்லாருக்கும் சாப்பாடு. கத்தல் இதிலும் உண்டுதான், ஆனால் அது ஒரு ஒழுங்கில் வரும் கத்தல். பழைய தொடர்களுக்கு, ராடான், விஷன் டைம் போன்ற தயாரிப்பு நிறுவனங்களின் சனல்களைப் பாருங்கள். உரிமை அவர்களிடம் இருப்பதால் முழுப் பகுதிகளும் வரிசையாகக் கிடக்கும். படம் இடம் வலம் மாறியோ குரல் கீச்சென்றோ கேட்டால் அது யாரோ திருடிப் போட்டது. பாதியில் நீக்கப்பட்டுவிடும், அம்மா 43ஆம் பகுதியோடு அந்தரத்தில் நிற்பார்.

அப்பாவின் செய்திக்கு பிபிசி தமிழ். பற்றரியை மிச்சம் பிடித்து இரவில் தமிழோசை கேட்ட தலைமுறைக்கு அறிமுகம் தேவையில்லை. அந்த வானொலிச் சேவை 2017-இல் நின்றுபோனாலும், யூரியூப்பில் அவர்களின் செய்திகளும் விளக்க வீடியோக்களும் வருகின்றன. ஜேர்மனியின் டிடபிள்யூ தமிழும் நிதானமானதுதான், ஆனால் துண்டுகள் சிறியவை.

வயல் விசயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். தமிழ்நாட்டு விவசாய சனல்கள் பல மிக நன்றாக, வயலும் வாழ்வும் பார்த்த மாதிரியே இருக்கும். ஆனால் அவர்கள் சொல்லும் நெல் இனம் வேறு, மருந்தின் வணிகப் பெயர் வேறு, பட்டமும் (விதைக்கும் பருவம்) வேறு. எங்கள் காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. பார்த்து ரசிக்கலாம், மருந்து அடிக்கும் முன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்கள் பகுதியின் பெயரைத் தேடினால் 'உதவித் திட்டம்' வீடியோக்கள் வரிசையாக வரும்: ஒரு வறிய வீடு, அழும் தாய், பின்னணியில் சோக இசை, கடைசியில் காசு கைமாறல். வடிவத்தைப் பார்த்தால் ரிவி நிகழ்ச்சியின் எல்லா இலட்சணமும் அதில் உண்டு. உதவி போய்ச் சேருவதும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் முகத்தையும் வீட்டு வாசலையும் உலகத்துக்கே காட்டி எடுத்ததை மாலைநேரப் பொழுதுபோக்காகப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு பார்த்தாலே அடுத்த கிழமை முழுக்க அதையேதான் யூரியூப் தரும். வேண்டாமென்றால் வீடியோவின் பக்கத்து மூன்று புள்ளியில் 'இந்த சனலைப் பரிந்துரைக்க வேண்டாம்' என்று கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கும் ஆங்கிலம் விளங்கும் பிள்ளைகளுக்கும் 'டைம் டீம்' பாருங்கள். பிரிட்டனின் சனல் 4-இல் 1994 முதல் 20 வருடம் ஓடிய தொல்லியல் நிகழ்ச்சி. மூன்று நாளில் ஒரு இடத்தைத் தோண்டிப் பார்ப்பார்கள். ரிவி கைவிட்ட பிறகு ரசிகர்கள் காசு சேர்த்து யூரியூப்பில் மறுபடி ஓட வைத்தார்கள். ஆறுதலாகச் சமைத்துக்கொண்டே சரித்திரம் சொல்லும் 'டேஸ்டிங் ஹிஸ்டரி'யும் நல்லது.

இனி ரிவியில் செய்ய வேண்டியது. அப்பா அம்மாவுக்கென்று தனிக் கூகுள் கணக்கு ஒன்று திறந்து அதை ரிவியில் போடுங்கள். உங்கள் போன் கணக்கையே போட்டால் நீங்கள் பார்ப்பதெல்லாம் அவர்களுடைய முகப்பில் வந்து விழும். போனிலும் அதே கணக்கால் நுழைந்து 'அம்மா பின்னேரம்', 'அப்பா இரவு' என்று இரண்டு பிளேலிஸ்ட் செய்து, தெரிவு செய்ததைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். ரிவியில் அதைத் திறந்து கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், றிமோட்டைத் தொடத் தேவையில்லை. ஆட்டோபிளேயை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வரிசை முடிந்ததும் யூரியூப் தன் விருப்பத்துக்கு எதையாவது தொடங்கிவிடும். சில சனல்கள் தங்கள் வரிசையைப் புதியது முதலாக அடுக்கியிருக்கும். தொடர் நாடகமென்றால் முதல் பகுதி மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள், இல்லையென்றால் அம்மா கலியாணத்தைப் பார்த்த பிறகுதான் பெண் பார்க்க வருவதைப் பார்ப்பார்.

டேட்டா அளவோடுதான் என்றால் தரத்தை 480-இல் வையுங்கள். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஜிபி போகும். 1080-இல் அதைப்போல மூன்று மடங்குக்கு மேலும் போகலாம். பழைய தொடர்கள் அந்தக் காலத்துப் படப்பதிவு என்பதால் தரத்தைக் கூட்டினாலும் தெளிவு கூடாது, டேட்டாதான் கரையும். இரவு இலவச டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனேகமாக அப்பா நித்திரைக்குப் போன பிறகுதான் தொடங்கும்.