மண்ணிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் செடிகளின் பரிணாமத்தை எப்படி மாற்றுகின்றன?

வேருக்குச் சத்து எடுத்துக் கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. எந்த நுண்ணுயிரை உள்ளே விடுவது, எதற்குச் சோறு போடாமல் நிறுத்துவது என்ற கணக்கே செடியின் மரபணுக்களில் பதிந்திருக்கிறது.

முதலில் வந்தது பூஞ்சை உறவு. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு பழைய புதைபடிவங்களில், முறையான வேர்கூட இல்லாத செடிகளின் திசுவுக்குள் பூஞ்சை கிளைவிட்டிருக்கிறது. பூஞ்சை மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவரும். செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும். இந்தப் பூஞ்சையை அடையாளம் கண்டு உள்ளே விடும் மரபணுத் தொகுதியின் பெரும்பகுதியைத்தான், வெகுகாலம் கழித்து, பயறுக் குடும்பம் ரைசோபியத்துக்கும் (வேர்முடிச்சுக்குள் இருந்து காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தரும் பாக்டீரியா) பயன்படுத்திக்கொண்டது. கடுகு, முட்டைக்கோசுக் குடும்பமோ பூஞ்சை உறவைக் கைவிட்டது. அதற்கான முக்கிய மரபணுக்கள் பல இன்று அதனிடம் இல்லை.

இந்த உறவுக்கு விலையும் உண்டு. மணிச்சத்து குறைந்தால் பூஞ்சையை அழைக்க வேர் விடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மோப்பம் பிடித்தே, பிற செடிகளின் வேரை உறிஞ்சி வாழும் களையான சுடுமல்லியின் விதை முளைக்கிறது. சுடுமல்லியை எதிர்க்கும் சில சோள வகைகளில் அந்தப் பொருளின் வேதி அமைப்பே மாறியிருக்கிறது. நண்பனும் எதிரியும் ஒரே நேரத்தில் இழுக்க, செடி நடுவில் வழி கண்டிருக்கிறது.

வேர்முடிச்சுக்குள் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தழைச்சத்தை நிலைப்படுத்தாமல் சர்க்கரையை மட்டும் தின்னும் ரைசோபியம் வகைகளும் உண்டு. 2003-இல் வெளிவந்த சோயா ஆய்வில், சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த நைட்ரஜனை நீக்கி ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியா விரும்பினாலும் வேலை செய்ய முடியாத நிலை. அந்த முடிச்சுகளுக்குள் ஆக்சிஜன் குறைந்தது. பாக்டீரியா ஏறத்தாழ பாதியளவே பெருகின. உழைக்காததற்குத் தண்டனை! இந்தத் திறன் இல்லாத செடியின் சர்க்கரை வீணாகும், விதை குறையும். இயற்கைத் தேர்வு இயங்குவது இங்கேதான்.

யூரியா தாராளமாகக் கிடைத்தால் என்ன ஆகும்? செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மிச்சிகனில் 20 ஆண்டுகளுக்கு மேல் தழைச்சத்து இட்ட நிலத்து ரைசோபியம், இடாத நிலத்து ரைசோபியத்தைவிடக் குளோவர் செடிகளுக்குக் குறைவாகவே உதவியது. உரத்தால் பாக்டீரியாவின் குணமே மாறிவிடுகிறது. உர விஷயத்தில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பயறு வகைகளுக்கு அடியுரமாக ஹெக்டேருக்கு மானாவாரியில் 12.5 கிலோ, இறவையில் 25 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரையைத் தாண்டவே வேண்டாம்.

உங்கள் நிலத்து ரைசோபியம் உழைக்கிறதா என்று பார்க்க, பூக்கும் பருவத்தில் தட்டைப்பயறுச் செடியை மண்வெட்டியால் மண்கட்டியோடு தோண்டுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, முடிச்சைக் குறுக்கே நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சை என்றால் முதிர்ந்து ஓய்ந்தது. வெள்ளை என்றால் மிக இளசு, அல்லது பயனற்றது. எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் மகிழாதீர்கள். சிறு வெள்ளை முடிச்சுகள் ஏராளமாக இருப்பது பெரும்பாலும் கெட்ட அறிகுறி.

இரண்டு நிலங்களில் எதன் ரைசோபியம் அதிகம் உதவுகிறது என்று ஒப்பிட, தட்டைப்பயறைத் தொட்டிகளில் வளர்த்துச் சோதனை செய்யலாம். பலர் சறுக்குவது இதில்தான்: ஒரு தொட்டியில் வேகவைத்த மண், இன்னொன்றில் உயிருள்ள மண் என்று வைக்கிறார்கள். வேகவைக்கும்போது மண்ணிலிருந்து தழைச்சத்தும் மாங்கனீசும் வெளியாவதால் முடிவே திரிந்துவிடும். அதனால் எல்லாத் தொட்டிகளிலும் வேகவைத்த ஒரே மணல் கலவையை 95 பங்கு நிரப்பி, 5 பங்கு மட்டும் அந்தந்த நிலத்து உயிர்மண்ணைக் கலக்குங்கள். நுண்ணுயிர் இல்லாமல் செடி எப்படி வளர்கிறது என்று பார்க்க, மூன்றாவது தொகுதிக்கு அந்த 5 பங்கையும் வேகவைத்துப் போடுங்கள். குக்கரில் ஒரு மணி நேரம், மறுநாள் இன்னொரு முறை என வேகவைத்தால் போதும். ஒவ்வொரு தொகுதிக்கும் 6 தொட்டியாவது வேண்டும். யூரியா கூடாது; மற்றச் சத்துகள் சமமாக இருக்கட்டும். தொட்டிகளுக்கு அடியில் தனித்தனித் தட்டு வையுங்கள். ஒன்றில் வடிந்த நீர் இன்னொன்றில் ஏறினால் பாக்டீரியாவும் கூடவே போய்விடும். 40 நாள் கழித்துத் தண்டு, இலைகளை உலர்த்தி எடை பாருங்கள். பச்சை எடையில் தண்ணீர்தான் அதிகம், அது ஏமாற்றும்.