மருத்துவமனைகள் விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பது சரியா?

தாராளமாகச் செலவழிக்கட்டும். ஆனால் கட்டணத்தையும் சேர்த்துப் போடட்டும். என் பதில் அவ்வளவுதான்; காரணம்தான் கொஞ்சம் நீளம்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பேனர், நோட்டீஸ், எஃப்.எம்., உள்ளூர் கேபிள் டிவி எல்லாம் எங்கள் தலையில்தான். "நோயாளி காசில் பேனர் வைக்கிறார்கள்" என்று கோபப்படுகிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். மருத்துவர்களுக்கான நன்னடத்தை விதிகளை இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் கொண்டுவந்தது. (2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்தன, அதே மாதமே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.) 2002 விதிகளின்படி மருத்துவர் ஆள் பிடிக்கிற மாதிரி விளம்பரம் செய்யக் கூடாது. கிளினிக் திறந்தால், இடம் மாறினால், கொஞ்ச நாள் ஊரில் இல்லையென்றால் பத்திரிகையில் அறிவிக்கலாம். போர்டில் தன் போட்டோவைப் போடுவதுகூடத் தப்பு. மருத்துவர் நடத்தும் நர்சிங் ஹோம் விளம்பரம் செய்யலாம். பெயர், எந்த மாதிரி நோயாளிகளைச் சேர்ப்பார்கள், என்ன வசதி, என்ன கட்டணம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பெனியாக நடக்கும் பெரிய மருத்துவமனைகள் இதில் மாட்டுவதில்லை. இந்த விதிகளின் பிடி மருத்துவர் மேல்தான், கட்டடத்தின் மேல் கிடையாது. அதனால்தான் டவுன் பஸ்ஸின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் மாட்டி, கை கட்டிச் சிரிக்கிற முகங்களைப் பார்க்கிறோம்.

விதி அனுமதித்த நாலு விஷயத்தில் மூன்று எல்லாப் பேனரிலும் இருக்கும். நாலாவதான கட்டணத்தைக் காணோம். முழு உடல் பரிசோதனைக்கு மட்டும் பழைய விலையை அடித்து, புது விலையைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஆளை உள்ளே கொண்டுவருவதற்கு அது. பரிசோதனையில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தபின், அதைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொல்லும் பேனரை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் 2017 பிப்ரவரியிலேயே ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய். ஆனால் பில்லில் வருவது ஸ்டென்ட் மட்டுமா? கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் அறை), பலூன், ஐ.சி.யூ., டாக்டர் கட்டணம் என்று கூடிக்கொண்டே போகும், அந்தக் கூட்டுத்தொகை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

சுகப்பிரசவத்துக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு என்று நோட்டீஸில் போடலாமே என்று ஒரு மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தேன். "போட்டா, எதிர்த்த ஆஸ்பத்திரிக்காரன் நாளைக்கே ரெண்டாயிரம் குறைச்சுப் போடுவான்" என்றார் நிர்வாகி. பிள்ளை பெற வருகிறவளுக்கு அது நல்லதுதானே என்று தோன்றியது. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் கேபிள் டிவியின் 'நேரலை'. அந்த அரை மணி நேரத்தை நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருப்போம். டாக்டர் உட்கார்ந்து நேயர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வார். முதலில் வரும் அழைப்புகள் எங்கள் பில்லிங் கவுன்டரிலிருந்து போகும். "மணப்பாறையிலேருந்து பேசுறேன் சார், படியேறுனா முழங்கால் வலிக்குது" என்று ஒருவர் கேட்பார். டாக்டர் மெதுவாக மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு வந்து சேர்வார். கீழே எங்கள் நம்பர் ஓடிக்கொண்டிருக்கும். இது விளம்பரம் என்று எங்கேயும் எழுதியிருக்காது. பேனரையாவது பேனர் என்று தெரிந்துதான் பார்க்கிறோம்.

அப்படியென்றால் விளம்பரத்தையே தடை செய்துவிடலாமா? செய்தால் இன்னும் மோசமாகும் என்பது என் கருத்து. புதிதாகத் திறந்த மருத்துவமனைக்கு நோயாளி வர வேண்டுமென்றால், ஒன்று, மக்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சுற்றுப்பட்டு டாக்டர்கள், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் வழியாக வர வேண்டும். இரண்டாவது வழிக்குக் கவரில் பணம் போகும். நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் அதே 2002 விதிகளின்படி தப்புதான், யார் கேட்கிறார்கள்? பேனருக்குப் பில் உண்டு, ஜி.எஸ்.டி. உண்டு. கவருக்கு என்ன உண்டு? இரண்டுமே கடைசியில் நோயாளி தலையில்தான் விடியும். ஆனால் பேனர் பார்த்து வந்தவர் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். அடிபட்டு ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு, டிரைவர் வண்டியை எங்கே திருப்புகிறாரோ அதுதான் ஆஸ்பத்திரி.

"நல்ல ஆஸ்பத்திரிக்கு விளம்பரம் எதற்கு, வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள்" என்பார்கள். வாஸ்தவம்தான். கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வருகிறவர் பேனர் பார்த்தா வருகிறார்? சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டிலும் மெஸ் போர்டிலும் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். ஆனால் சி.எம்.சி. ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் 1900-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் சேர்ந்த பெயரை நேற்றுத் திறந்தவரிடம் எதிர்பார்க்க முடியாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கதையே வேறு. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார்; நோயாளி தானாக வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊர் ஊராகக் கண் முகாம். உள்ளூர் அமைப்புகள் நோட்டீஸ் அடித்து, மைக் கட்டி ஊருக்குச் சொல்லும். கண்புரை உள்ளவர்களை பஸ்ஸில் கூட்டிப்போய், இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பார்வை போனது வயசுக் கோளாறு என்று திண்ணையோடு முடங்கியவரிடம், இதைச் சரிசெய்யலாம் என்று யாராவது போய்ச் சொல்லத்தானே வேண்டும்? அந்தச் செலவை யார் குறை சொல்வார்கள்? நாங்களும் முகாம் நடத்தினோம். பி.பி. பார்ப்போம், சர்க்கரை பார்ப்போம், நோட்டில் போன் நம்பர் வாங்கிக்கொள்வோம். மறுநாளிலிருந்து கூப்பிட்டு "எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துடுங்கம்மா" என்று இதய ஸ்கேனுக்கு வரச் சொல்வோம்.

எனக்கு வேண்டிய விளம்பரம் பார்க்க அழகாக இருக்காது. ராத்திரியில் டியூட்டி டாக்டர் உண்டா, பாம்புக்கடிக்கு மருந்து இருப்பில் இருக்கிறதா, டயாலிசிஸ் ஒரு தடவைக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் தெளிவாகப் போட வேண்டும். 'காப்பீட்டு அட்டை ஏற்கப்படும்' என்று பேனர் சொல்லும். ஆனால் அங்கீகாரம் சிகிச்சைப் பிரிவு வாரியாகத்தான் கொடுக்கிறார்கள். எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. எந்தெந்தப் பிரிவு என்று ஒரு வரி சேர்த்தால் ஃபிளெக்ஸ் கடைக்காரர் கூடுதலாக ஒன்றும் கேட்கப்போவதில்லை. அந்த வரி வருகிறவரைக்கும், அட்மிஷன் போடும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் "இந்தச் சிகிச்சைக்கு இங்கே அட்டை செல்லுமா" என்று கேட்டுவிடுங்கள்.