விமான தூரமும் பயண நேரமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, டோக்கியோவுக்கும் நியூயார்க்கிற்கும் அட்சரேகையில் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு ஏன் இணையத் தூரக் கணிப்பானின் வரைபடத்தில் தூரம் காட்டும் கோடு அலாஸ்கா வரை மேலே ஏறுகிறது?

பதில்: உலக உருண்டையின் மேல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது பசிபிக்கின் நடுவே போகாமல், அலாஸ்காவின் வடபகுதி வழியாகவே போகும். அதுதான் மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடம்தான் அதை வளைத்துக் காட்டுகிறது. தூரக் கணிப்பான்கள் தருவது பெரும்பாலும் ‘பெருவட்டத் தூரம்’ எனப்படும் இந்தக் குறுகிய வழியின் நீளமே. விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி: பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்றிருந்தது. வானில் இருந்ததோ முக்கால் மணி நேரம்தான். மீதி எங்கே போனது?

பதில்: கால அட்டவணையில் உள்ளது பறக்கும் நேரமன்று. சக்கரங்களின் முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது முதல், சேருமிடத்தில் மீண்டும் முட்டுக்கட்டை வைக்கப்படுவது வரையிலான நேரம் அது. இத்துறையில் இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், அங்கே வரிசையில் காத்திருப்பதும் இதில் அடங்கும்.

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல ஏறத்தாழ எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு. தூரம் ஒன்றுதானே? பூமி சுழல்வதால் இப்படி ஆகிறதா?

பதில்: நேரடியாக அதனால் அன்று, வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றே காரணம். கிழக்கே வரும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளுகிறது. மேற்கே போகும் விமானம் அதை எதிர்த்துப் போகவேண்டியிருக்கிறது. 2020 பிப்ரவரியில், சியாரா புயலையொட்டிக் காற்று மிக வலுத்திருந்தபோது, ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. அப்போது தரையைப் பொறுத்த அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனால் ஒலியின் வேகத்தை அது மீறிவிட்டதாக எண்ண வேண்டாம்: சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அதன் வேகம் வழக்கமானதுதான்.

கேள்வி: காற்றைத் தவிர வேறு காரணங்களால் நேரம் கூடுமா?

பதில்: நிச்சயமாக. 2022இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமானது. கணிப்பானோ அன்றும் இன்றும் ஒரே தூரத்தைத்தான் காட்டும்.

கேள்வி: நானே தோராயமாகக் கணக்கிட வழி உண்டா?

பதில்: கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர். விடை ஏழு மணி நேரம் வரும். எதிர்க்காற்றில் போகும் நீண்ட பயணமானால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. மிகக் குறுகிய தூரங்களுக்கு இக்கணக்கு உதவாது: ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு இடையிலான 2.7 கிலோமீட்டரை விமானம் இரண்டு நிமிடங்களுக்குள் கடந்துவிடுகிறது.